பயமுறுத்துவதா, கணக்குப் போட்டுக் காட்டுவதா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருளைப் பற்றிச் சொல்லித்தர இரண்டு வழிகளைப் பார்க்கிறேன்.

ஒன்று, மண்டையோட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டித் "தொட்டால் செத்தாய்" என்பது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் எல்லையோரப் பிள்ளையிடம் அது எடுபடாது. சித்தூர்த் தோப்புகளில் இறக்கும் கள் இங்கே உரிமம் பெற்ற கடையில் விற்கிறது. கோபாலபுரம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 1987 முதல் தடை. ஒரே மரத்துக் கள் அங்கே மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று அக்கா மகள் கேட்டாள். படத்தில் அதற்குப் பதில் இல்லை. பிரம்பைக் காட்டி வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைப்பதும் இதே ரகம்தான்.

இன்னொன்று, கணக்குப் போட்டுக் காட்டி விளக்குவது. அதற்குப் பொறுமை வேண்டும். நான் அதையே எடுப்பேன். மதுவையும் புகையிலையையும் கஞ்சாவையும் அளவு, வயது, பழக்கம், சட்டம் என்று பிரித்துப் பேச அதில்தான் இடம் உண்டு. வளரும் மூளைக்குக் கெடுதல் கூடுதல் என்பதையும் நேராகவே சொல்லலாம்.

ஒரு மாலை காப்பி டம்ளரை அக்கா மகள் முன் வைத்தேன்.

"இதிலும் மனத்தைத் தொடும் பொருள் உண்டு, காஃபீன். பெரியவர்கள் உடம்பில் அது பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்கு 80 மில்லிகிராம் என்றால் இரவு 11 மணிக்கு?"

"40, மாமா."

"விடிகாலை 4 மணிக்கு?"

"20." சற்று நிறுத்தினாள். "அப்படியானால் பூஜ்யமே ஆகாதா?"

சிலேட்டை இழுத்து 10, 5, 2.5 என்று எழுதிக்கொண்டே போனாள். காப்பி ஆறிவிட்டது.