ஊசி கோர்க்கும் கொக்கியோடு சில ஆண்டுகள்

வெள்ளெழுத்து வந்த பிறகு தைப்பது சிரமமில்லை, நூல் கோர்ப்பதுதான் பெரும்பாடு. ரவிக்கைக்கு ஒரு நிறம், புடவை ஃபால்ஸுக்கு ஒரு நிறம் என்று நூல்கண்டு மாற்றும்போதெல்லாம் கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. ஊசியைத் தானே கோர்க்கும் ஜிக்ஜாக் தையல் மெஷினை வாங்க எனக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

கடையில் காட்டும்போது மாயாஜாலம் போலத்தான் இருக்கும். உள்ளே இருப்பதோ எளிய வேலை. ஊசிக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோலைக் கீழே இறக்கினால், மெல்லிய கம்பிக் கொக்கி ஒன்று ஊசிக்காதின் பின்பக்கமாக நுழைந்து முன்னால் தலைகாட்டும். அதற்கு அடியில் நூலைப் படியவிட்டு நெம்புகோலை விட்டால், கொக்கி நூலை மடக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். காதுக்குப் பின்னே ஒரு சிறு வளையம் நிற்கும். அதை இழுத்தால் நுனி வந்துவிடும். கொக்கியில் மாட்டும் வரை நூல் விறைப்பாக இருக்கட்டும். நெம்புகோல் மேலே ஏறத் தொடங்கியதும் பிடியைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நூல் கொக்கியிலிருந்து நழுவும், அல்லது பிரிந்து நாராகும். இந்தக் கைப்பக்குவத்தைக் கையேடு சொல்லவில்லை.

மேலிருந்து நூலைக் கொண்டுவரும்போது துணியை அழுத்தும் பாதம் தூக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் திறந்து நூல் உள்ளே உட்காரும். கொக்கியைப் பயன்படுத்தும் முன் பாதத்தை இறக்கி, கைச்சக்கரத்தை நம் பக்கமாகத் திருப்பி ஊசியை உச்சிக்குக் கொண்டுவந்து, சுவிட்சையும் அணைத்துவிடுவது நல்லது. விரல் ஊசிக்கடியில் இருக்கும்போது மிதியில் கால் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கோர்க்கவில்லை என்றால் பலரும் கொக்கியைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி ஊசிதான். தட்டையான பக்கம் பின்னால் பார்க்க, முட்டும் வரை மேலே தள்ளித் திருகை முடுக்கியிருக்க வேண்டும். ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தாலும் காது இடம் மாறிவிடும். கொக்கி ஓட்டைக்குப் பதில் இரும்பில் மோதும். குண்டூசியில் இடித்து வளைந்த ஊசியும் அப்படியே. ஊசியைக் கழற்றி அதன் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடிச் சில்லின் மேல் வைத்துப் பாருங்கள். இடைவெளி நுனிவரை ஒரே சீராகத் தெரியாவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நெம்புகோல் தடங்குவதாகத் தோன்றினால் நான் அழுத்துவதில்லை, ஊசியை மாற்றிவிடுகிறேன். தையல் விட்டுப்போவதும் அதனால் குறைந்திருக்கிறது.

ஊசியின் அளவும் முக்கியம். 75 என்றால் தண்டின் பருமன் 0.75 மில்லிமீட்டர். 75 முதல் 100 வரை என் மெஷினில் தடையில்லை. ஷிஃபானுக்குப் போடும் 65-இல் காது மிகக் குறுகல், கொக்கி நுழையாது. இரட்டை ஊசிக்கும், ஜீன்ஸுக்கான தடித்த நூலுக்கும் இது உதவாது. ஜரிகை நூலைக் கொக்கி கிழித்துவிடுகிறது.

ஒருமுறை வீட்டுக்கு வந்த குழந்தை நெம்புகோலை இறக்கிப் பிடித்தபடி கைச்சக்கரத்தைச் சுற்றியதில் கொக்கி வளைந்தது. சர்வீஸ் சென்டரில் மொத்த பாகத்தையும் மாற்றச் சொல்லி ஒரு தொகை சொன்னார்கள், அது எனக்கு அநியாயமாகப்பட்டது. தெருமுனை மெக்கானிக் பூதக்கண்ணாடி வைத்து, சிறு இடுக்கியால் நிமிர்த்திக் கொடுத்தார். “இன்னொரு தடவை வளைந்தால் ஒடிந்துவிடும் அம்மா” என்று எச்சரித்தார். இதுவரை தாக்குப்பிடிக்கிறது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பருத்தி நூல் விடும் பஞ்சுத்தூசு கொக்கியைச் சுற்றி அடையும், சிறு பிரஷால் தட்டிவிட்டால் போதும். எண்ணெய் மட்டும் அங்கே வேண்டாம். தூசு அப்பிக்கொள்ளும், முதலில் கோர்க்கும் வெள்ளை நூலும் கறைபடும்.

இவ்வளவு நிபந்தனை இருந்தும் இந்த வசதி இல்லாத மெஷினை இனி நான் வாங்க மாட்டேன். ஷிஃபான் தைக்கும் நாட்களில் மட்டும் ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் கம்பி வளையக் கோர்ப்பான். அதையும் ஊசிக்குப் பின்னாலிருந்துதான் நுழைக்க வேண்டும்.