சாங்ஃபைல்: ஜெப ஆலயப் பாட்டுகளுக்கு உரிமம் வாங்க நல்ல இடம்

நியூஜெர்சியில் ஒரு யூத ஜெப ஆலயப் பாடகர் குழுவுக்கு நான்தான் ஒலிப்பதிவு செய்து தருகிறேன். வெள்ளி மாலை வழிபாட்டுக்கு வர முடியாத முதியவர்களுக்கு 200 சிடி போட்டுக் கொடுக்கலாம் என்று முடிவானதும் உரிமம் வாங்கும் வேலையும் என்னிடம் வந்தது. இசைப் பதிப்பகங்கள் சார்பில் பாட்டுகளைப் பதிவு செய்ய உரிமம் தரும் அமெரிக்க நிறுவனமான ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியின் சாங்ஃபைல் என்ற இணையச் சேவை வழியாக வாங்கினேன். சின்ன சபைகளுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

வழிபாட்டில் பாட அனுமதி வேண்டாமே, பதிவுக்கு மட்டும் எதற்கு என்று குழுவில் பலர் கேட்டார்கள். வழிபாட்டின்போது ஆலயத்துக்குள் பாட அமெரிக்கச் சட்டம் விலக்கு தருகிறது, பதிவு செய்து பிரதி எடுத்துக் கொடுப்பதற்கு அந்த விலக்கு இல்லை. ஜெபம் பழையது என்பதால் மெட்டும் பழையது என்று நினைத்துவிடவும் கூடாது. 'ஓசே ஷாலோம்' என்ற சமாதான ஜெபத்துக்கு ஊரெல்லாம் பாடும் அந்த மெட்டைப் பரம்பரை மெட்டு என்றே பலர் நம்புகிறார்கள், அது இஸ்ரேலிய இசையமைப்பாளர் நுரித் ஹிர்ஷ் 1969இல் போட்டது. ஜெப ஆலய இசையமைப்பாளர் லெவன்டோவ்ஸ்கி 1894இலேயே இறந்துவிட்டதால் அவர் மெட்டுகளுக்கு யாரையும் கேட்க வேண்டாம், ஆனால் பிற்காலத்தில் வேறொருவர் அதைக் குழுப்பாடலாக மாற்றி எழுதியிருந்தால் அந்த வடிவத்துக்கு உரிமை தனியாக இருக்கலாம்.

சாங்ஃபைலில் பாட்டின் பெயரைப் போட்டுத் தேடி, எத்தனை பிரதி என்று சொல்லி, பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஜெபத்துக்கு ஆளாளுக்கு மெட்டுப் போட்டிருப்பார்கள், அதனால் இசையமைப்பாளர் பெயரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு 2025இல் சட்டம் வைத்த கட்டணம் பிரதிக்கு 12.7 சென்ட், ஆக 200 பிரதிக்கு 25 டாலர் 40 சென்ட், அதோடு பாட்டுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தனி. பாட்டை எழுதியவருக்குப் போய்ச் சேரும் பணம் இது, சபைக்கும் பெரிய சுமை இல்லை.

எல்லைகளும் உண்டு. சிடி என்றால் 25 முதல் 2,500 பிரதி வரைதான், அதுவும் அமெரிக்காவுக்குள் மட்டும். வழிபாட்டை வீடியோவாகப் போட இந்த உரிமம் செல்லாது. இதுவரை யாரும் பதிவு செய்து வெளியிடாத பாட்டென்றால் இசையமைப்பாளரிடமோ பதிப்பகத்திடமோ நேரடியாகத்தான் கேட்க வேண்டும். அப்படி ஒரு பாட்டுக்காக நான் எழுதிய பதிப்பகம் கடைசி வரை வாயே திறக்கவில்லை, குழு ஆசையாய்ப் பயிற்சி எடுத்த பாட்டை விட்டுவிட்டோம், இன்னமும் எனக்கு அது வருத்தம்தான். இன்னொரு இசையமைப்பாளரோ மெயில் போட்ட மறுநாளே சரி என்றார், சிடி ஒன்று அனுப்பச் சொன்னார். எனவே நேரடியாகக் கேட்க வேண்டிய பாட்டுகளுக்கு ஒத்திகை தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள், எத்தனை பிரதி, விற்பனையா இலவசமா, யாருக்கு என்று முதல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி ஆலய அலுவலகக் கோப்பில் வையுங்கள், அடுத்த வருடம் குழுவுக்கு வேறு ஆள் பொறுப்பேற்கலாம்.