பேராசிரியர் வேலை என்று சொல்லி 1,85,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

நேற்று மாலை நான்காவது முறையாகப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. "மூன்று நாளாக ஆள் வரவில்லை, சார்" என்றார் கீழே டீக்கடைக்காரர்.

காரைக்குடியில் ஒரு மாடியில் இயங்கிய வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகம் அது. நான் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். உற்பத்திப் பொறியியலில் முனைவர் பட்டம். வளைகுடாப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஸ்மார்ட் மேனுஃபாக்சரிங், இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் துறைக்குப் பேராசிரியர் வேண்டும் என்றார்கள்.

அந்த அலுவலகத்தின் முகவர் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக்கே வந்தார். முகப்பில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "ஆச்சி, தை பிறப்பதற்குள் உங்கள் மகன் விமானம் ஏறிவிடுவார்" என்றார். அன்றிரவே அம்மா இரண்டு வளையல்களைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து என்னிடம் தந்தார். அடகு வைத்தேன்.

பிறகு நேர்காணல். 'துறைத் தலைவர்' முகமே காட்டாமல் பேசினார். ஓஇஇ, அதாவது இயந்திரத்தின் ஒட்டுமொத்தச் செயல்திறன் அளவு, என்றால் என்ன என்றார். இயந்திரம் ஓடிய நேரம், வேகம், தரம் மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் வருவது என்றேன். டிஜிட்டல் ட்வின், அதாவது இயந்திரத்தின் கணினி நகல், பற்றி ஒரு கேள்வி. அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு மாணவனிடம் கேட்பவை இவை! என் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. மாதிரி வகுப்பு இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டே நாளில் நியமனக் கடிதம் வந்தது, இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து.

பதிவுக்கு 40,000, பணி அனுமதிக்கு 1,45,000. ஒரு தனிநபர் கணக்கில் 1,85,000 ரூபாய் கட்டினேன்.

அதன்பின் கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு. "அங்கே வெள்ளி, சனி விடுமுறை." "கோப்பு தூதரகத்தில் இருக்கிறது." "படித்தவர் நீங்களே இப்படி அவசரப்படலாமா?" கடைசியில், கட்டணம் திருப்பித் தரப்படாது என்ற பொடி எழுத்தைக் காட்டினார்கள். பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதினேன். அப்படி ஒரு பணியிடமே அறிவிக்கவில்லை என்று பதில் வந்தது. 1,85,000 ரூபாய்! வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. விளம்பரத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் பாருங்கள். முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்தில் தேடுங்கள். 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர அவர் வாங்கக் கூடாது. தனிநபர் கணக்கில் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். நான் நாள் கடத்திவிட்டேன்.

நாளை சிவகங்கைக்குப் புகார் கொடுக்கப் போகிறேன். இதேபோல் காரைக்குடியில் பணம் கட்டியவர்கள் இருந்தால், ரசீதோடு என்னுடன் வாருங்கள்.