வேலூர் வெயிலில் ஒரு பட்ஜெட் லேப்டாப்: சில வருடங்கள் கழித்து எழுதுகிறேன்

காட்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை நான். வீடு சத்துவாச்சாரியில். எங்கள் வீட்டின் முதல் லேப்டாப்பை 2022-ல் வாங்கினோம். ஐம்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பதில் மட்டும் வீட்டில் எல்லோரும் உறுதியாக இருந்தோம். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. என் வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், வகுப்பில் போட்டுக் காட்டுகிற வீடியோ, பையனின் பாலிடெக்னிக் பிராஜெக்ட், ரயில் டிக்கெட், கரண்ட் பில் எல்லாம் அதில்தான் நடக்கிறது.

பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "டீச்சர், பொண்ணு காலேஜ் சேரப்போறா, எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஒரு கம்பெனி பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் அதைச் சொல்வதில்லை. நம் ஊர்க் கடையிலேயே கழற்றி, வேண்டியதைச் சேர்த்து, பழுது பார்க்க முடிகிற லேப்டாப்பாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். புதிதில் எல்லாமே வேகமாகத்தான் இருக்கும். மூன்றாவது கோடையில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கம்பெனி பெயர் ஏன் உதவாது என்றால், ஒரே பெயரில், ஒரே உருவத்தில், நான்கைந்து விதமாக விற்கிறார்கள். ஒன்றில் நல்ல திரை, இன்னொன்றில் மங்கல் திரை. ஒன்றில் ரேம் (திறந்திருக்கிற வேலைகளை லேப்டாப் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) சேர்க்க இடம் உண்டு, இன்னொன்றில் கிடையாது. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற முழு மாடல் எண்தான் உண்மையைச் சொல்லும். அந்த எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை அதோடு ஒத்துப் பாருங்கள்.

எங்களுடையது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5500யு பிராசஸர் (லேப்டாப்பின் மூளை), 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கிற இடம்), 15.6 அங்குலத் திரை. பிராசஸர் 2021-ல் வந்தது. அதில் ஆறு கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்கிற பகுதிகள்) இருக்கிறது. நாங்கள் செய்கிற வேலைக்கு இன்றைக்கும் அது போதும். பிராசஸர் விஷயத்தில் பலரும் "ஐ3 வேண்டாம், ஐ5 தான் வேணும்" என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். இன்டெல் கம்பெனியின் ஏழாம் தலைமுறை ஐ5-7200யுவில் இருப்பது இரண்டே கோர். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-1215யுவில் ஆறு. பழைய ஐ5-ஐ விடப் புது ஐ3 பல மடங்கு மேல். அதனால் ஐ3, ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் வருகிற எண்ணைப் பாருங்கள். இன்டெலின் மலிவு பிராசஸரான செலரானைப் போட்டு, 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் (எஸ்எஸ்டியை விட மெதுவானது) தருகிற மலிவு லேப்டாப்புகளைப் படிக்கிற பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள். விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் கேட்கிற குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். பெரிய அப்டேட் ஒன்று வந்தாலே இடம் போதாமல் திணறும்.

இப்போது ரேம். எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

8 ஜிபி என்று வாங்கினாலும் அதில் ஒரு பகுதியைத் திரைக்காட்சிக்கென்று லேப்டாப்பே எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத எல்லா லேப்டாப்பிலும் இப்படித்தான். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கூகுள் மீட்டில் பேசிக்கொண்டே பாடநூல் பிடிஎஃப், எக்செல், குரோமில் ஏழெட்டு டேப் என்று திறக்க ஆரம்பித்தேன். பையன் பங்குக்கு புரோகிராமிங் மென்பொருள் ஏற்றினான். டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போது பார்த்தாலும் நிரம்பியே இருந்தது. ஆஃபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் காட்டினேன். அந்தத் தம்பி பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னொரு ஸ்லாட் சும்மாதான் இருக்கு, ஒரு 8 ஜிபி போட்டா இன்னும் நாலு வருஷம் ஓட்டலாம்" என்றார். டிடிஆர்4 ரேம் ஒன்று, அப்போது இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. அன்று மாலையே வித்தியாசம் தெரிந்தது. ஒரே அளவு ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் இரண்டு பாதையிலும் தகவல் போய்வரும். அதனால் வீடியோ, படம் சார்ந்த வேலையும் சேர்த்தே வேகமாகிறது.

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் கிட்டத்தட்ட அதே விலைக்கு வேறொன்று வாங்கியிருந்தார். மெலிதாக, அழகாக, எடை குறைவாக இருக்கும். அதில் ரேம் முழுவதும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. கழற்றவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. கடைசி வரை 8 ஜிபியோடுதான் அவர் ஓட்டியாக வேண்டும். வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விவரப் பட்டியலில் ரேமுக்கு நேரே எல்பிடிடிஆர் என்று இருந்தால் இந்த விலை லேப்டாப்புகளில் அது பற்றவைத்த ரேம். ரைசன் 3 7320யு போட்டு வருகிற லேப்டாப்புகள் கடைகளில் நிறையத் தென்படுகின்றன. அந்தப் பிராசஸர் எல்பிடிடிஆர்5 மட்டுமே ஏற்கும் என்பதால் எந்தக் கம்பெனி செய்தாலும் அதில் ரேம் சேர்க்க முடியாது. அதைத்தான் வாங்குவது என்றால் முதலிலேயே 16 ஜிபி மாடலாகக் கேளுங்கள்.

அடுத்தது வெயில். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான லேப்டாப்போடு வருகிற கையேட்டில், இயக்கும் இடத்தின் வெப்பநிலை 35 டிகிரி வரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் வெளியே 40-ஐத் தாண்டுகிறது. மொட்டை மாடிக்குக் கீழே ஏசி இல்லாத அறையில் மத்தியானம் மூன்று மணிக்கு 35 என்பது நமக்குக் குளிர்ச்சி. கம்பெனி போட்டிருக்கிற எல்லையை நாம் வருடத்தில் பல வாரங்கள் தாண்டித்தான் வேலை செய்கிறோம். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதம் லேப்டாப் மந்தமாகிவிட்டது என்று பலர் வைரஸைச் சந்தேகிக்கிறார்கள். அது அனேகமாக இந்தச் சூடுதான்.

எங்கள் தெரு நெடுஞ்சாலையை ஒட்டியது. தூசி அதிகம். விசிறியும் அதன் வாயில் இருக்கிற உலோகத் தகடுகளும் வருடம் திரும்புவதற்குள் அடைத்துக்கொள்கின்றன. பங்குனி கடைசியில், வெயில் முற்றுவதற்கு முன்பே, கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிவிடுகிறேன். தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டை வெளியே கடத்துகிற பசை) காய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுகிறார்கள். செலவு சில நூறு ரூபாய். அதன் பிறகு விசிறியின் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. வீட்டில் மெத்தை மேல் வைத்து வேலை செய்வதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். காற்று உள்ளே போகிற ஓட்டை அடியில்தான் இருக்கிறது, துணி அதை மூடிவிடும். பின்பக்கம் சற்று உயர்த்தி வைத்தாலே போதும், கூலிங் ஸ்டாண்ட் கட்டாயமில்லை.

சூட்டால் முதலில் அடிபடுவது பேட்டரி. லித்தியம் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பதும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தேயும். இப்போதெல்லாம் அனேகமாக எல்லாக் கம்பெனியும் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதியைத் தங்கள் செயலியிலேயே தருகிறார்கள். வீட்டில் பிளக்கில் போட்டே வேலை செய்கிறவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். எங்களுடையது புதிதில் ஐந்து மணி நேரம் தாங்கியது. இப்போது அதில் பாதிதான். பள்ளியில் இரண்டு பீரியடுக்கு அது போதும்.

கரண்ட் விஷயத்தில் ஒன்று. சார்ஜரின் மூன்று முனை பிளக்கை எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். உலோக உடல் லேப்டாப் என்றால் கை வைத்தால் சுரீர் என்று லேசாக ஷாக் அடிப்பது இதனால்தான்.

பிளாஸ்டிக் உடலின் பலவீனம் கீல். திரையை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து, மூன்றாம் வருடத்தில் இடது பக்கக் கீலின் திருகு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்துவிட்டது. வாரண்டி முடிந்திருந்தது. கம்பெனி சேவை மையத்தில் மேல்மூடி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள், தொகையும் பெரிது. அதே ஆஃபீசர்ஸ் லைன் தம்பி எபாக்சி பசை வைத்து நிமிர்த்திக் கொடுத்தார். இன்றும் உறுதியாக நிற்கிறது. கடையில் பார்க்கும்போதே திரையின் நடுவில் ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள். கீழ்ப்பகுதியும் சேர்ந்து எழும்பினால் அந்தக் கீல் மிக இறுக்கம், பிளாஸ்டிக்கின் மேல் பளு அதிகம்.

திரை முழு எச்டி, பளபளப்பு இல்லாதது. வண்ணம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும். எழுத்து வேலைக்குக் குறையில்லை. போட்டோ எடிட் செய்கிற பிள்ளைகள் ஐபிஎஸ் திரையா (பக்கத்திலிருந்து பார்த்தாலும் வண்ணம் மாறாதது), எத்தனை சதவீத வண்ணங்களைக் காட்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவில் 1366 பெருக்கல் 768 திரை இன்னும் வருகிறது, அது வேண்டாம். கேமரா சுமார்தான். ஸ்பீக்கர் வகுப்பறை மின்விசிறிச் சத்தத்தில் கேட்காது. பெரிய எச்டிஎம்ஐ துளை இருப்பதால் பள்ளி ப்ரொஜெக்டரில் நேராகச் செருகிவிடுகிறேன்.

கீபோர்டு எனக்கு முக்கியம். வலப்பக்கம் தனி எண் பலகை இருப்பதால் மதிப்பெண் ஏற்றுவது சுலபம். தமிழுக்குத் தனி மென்பொருள் எதுவும் போடவில்லை. 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் (தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டுவது) என்ற இரண்டு விசைப்பலகைகளும் உள்ளன. நான் தமிழ்99. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. சில வாரம் பழகினால் ஆங்கில எழுத்தில் தட்டுவதை விட வேகமாக வரும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள்களையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன், இப்போது எந்த போனிலும் கட்டம் கட்டமாகத் தெரியாமல் திறக்கிறது.

எம்எஸ் ஆஃபீஸ் இலவசம் என்று சொன்னால் எது என்று கேளுங்கள். 'ஹோம்' (2021 பதிப்பு வரை 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்') என்றால் அந்த லேப்டாப் இருக்கும்வரை வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் உங்களுடையது. ஒரு வருட சந்தா என்றால் அடுத்த வருடம் பணம் கட்ட வேண்டும்.

எங்கே வாங்குவது? குடியாத்தம், பேரணாம்பட்டிலிருந்து கேட்கிறவர்களிடம் சொல்வது, முதலில் அந்தக் கம்பெனியின் சேவை மையம் எங்கே என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிற வாரண்டியா, நாம் தூக்கிப் போகிற வாரண்டியா என்பதையும் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று காட்பாடியில் ரயிலேறிப் போய் வாங்கலாம், தவறில்லை. ஆனால் ஏதாவது ஆனால் மறுபடி போகத் தயாராக இருக்க வேண்டும். எங்கே வாங்கினாலும் சீரியல் எண்ணோடு 18 சதவீத ஜிஎஸ்டி பில் வாங்கி, கம்பெனி தளத்தில் வாரண்டித் தேதியைச் சரிபாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த சரக்கென்றால் வாரண்டி முன்பே ஓட ஆரம்பித்திருக்கும். பில்லைக் காட்டினால் திருத்துவார்கள்.

அரசுக் கல்லூரியில் சேரப்போகிற பிள்ளை என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்துக்குப் பிறகு, 2025 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாக அரசு அறிவித்தது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் இஎம்ஐ போடலாம்.

கையில் இருபது, இருபத்தைந்தாயிரம்தான் என்றால் புது செலரானை விட, ஐடி கம்பெனிகளில் ஓடி வந்த பழைய 14 அங்குல பிசினஸ் லேப்டாப் நல்லது. கீலும் கீபோர்டும் உறுதியாக இருக்கும், பெரும்பாலும் ரேமும் மாற்றலாம். ஆனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆறு, ஏழாம் தலைமுறை ஐ5-ஐ "சூப்பர் கண்டிஷன்" என்று இன்னும் விற்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளத் தெரிந்த வீடென்றால் அதுவும் ஓடும். வாங்கும்போது விண்டோஸ் தருகிற பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்ணும் அதில் இருக்கும்.

எங்கள் லேப்டாப்புக்கு அடுத்த செலவு பேட்டரிதான். நான்கு திருகு, ஒரு கனெக்டர், பத்து நிமிட வேலை என்று தம்பி சொல்லியிருக்கிறார். கம்பெனி பேட்டரியாக வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். விலை குறைவான வேறு பேட்டரியை இந்த ஊர்ச் சூட்டில் நான் நம்ப மாட்டேன்.