17,500 ரூபாய்க்குப் பச்சை முள்

ரெக்கார்டு பிளேயருக்கு முள் வாங்கி ஏமாந்தது நேற்று ராத்திரிதான் தெரிந்தது, இன்று காலை நேரில் போய்ச் சண்டையும் போட்டுவிட்டு வந்தேன், இன்னும் ஆறவில்லை. போனது 17,500 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம். பழைய ஸ்டீரியோ, ரெக்கார்டு பிளேயர் எல்லாம் வாங்கி விற்று ரிப்பேரும் பார்க்கும் கடை, சென்னைக்குள்தான்.

அப்பாவிடம் அறுபது, எழுபது எல்பி ரெக்கார்டுத் தட்டு இருக்கிறது. பெரும்பாலும் கச்சேரி, அதிலும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரும் மோனோ நிறைய. முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம் கார்ட்ரிஜ். பழைய கார்ட்ரிஜின் முள் தேய்ந்து 'ச' வரும் இடமெல்லாம் சீற ஆரம்பித்தது. மார்கழிக்குள் மாற்றித் தருகிறேன் என்று நான்தான் வாய் கொடுத்தேன். பத்து நாள் படித்துவிட்டு ஆடியோ டெக்னிகா கம்பெனியின் விஎம்95 கார்ட்ரிஜ் வரிசை என்று முடிவு செய்தேன். முள்ளோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகை, ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்டு பிளேயருக்கென்று இருக்கும் சாதாரண ஃபோனோ சாக்கெட்டே போதும். இந்த வரிசையில் உடம்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், முள் மட்டும் மாறும். விலையும் முள்ளை வைத்துத்தான். நான் கேட்டது நுனியை மிக மெல்லியதாகச் செதுக்கிய மைக்ரோலைன் முள். தட்டின் உள்பக்கம் நெருங்கும்போது, அதாவது தனியாவர்த்தனம் சூடுபிடிக்கிற நேரத்தில், சத்தம் கலங்காமல் வரும் என்பதற்காக.

பிளேயரோடு அப்பாவின் தட்டு ஒன்றையும் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஆள் அதை உறையிலிருந்து எடுத்த விதம் இருக்கிறதே! விரல் எங்கும் படாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பைப் பிடித்து, டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்து, "டம்டம்ல அடிச்சது சார், என்ன கனம் பாருங்க" என்றார். கல்கத்தா டம்டம்மில் இருந்த எச்எம்வி ரெக்கார்டு தொழிற்சாலையைச் சொல்கிறார். அங்கேதான் விழுந்தேன். இப்படித் தட்டைப் பிடிக்கிறவர் ஏமாற்றுவாரா?

மைக்ரோலைன் என்று அச்சடித்த டப்பாவை மேஜைமேல் வைத்தார். "நீங்க டீ சாப்ட்டு வாங்க சார், அரை மணி நேரத்துல மாட்டி செட் பண்ணிடறேன்." போனேன். வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. டப்பாவைக் கேட்டேன், "வாரன்ட்டிக்கு எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். பில் கேட்டேன், "பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும் சார்" என்றார். தலையாட்டிவிட்டு 17,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். இதில் என் முட்டாள்தனமும் உண்டு, மறுக்கவில்லை.

வீட்டில் போட்டால் பாட்டு பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் இருந்தது. மிருதங்கத்தில் வலது பக்கமான வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று வருகிறது, கனத்த சத்தம் தரும் இடது பக்கம், தொப்பியைக் காணோம். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னடா, வாசிக்கிறவருக்கு இடது கையே இல்லையா?" என்றார்.

போன் பண்ணினேன். புது முள் சார், 50 மணி நேரம் ஓடட்டும். சரி, ஓட்டினேன். அப்புறம், ரெக்கார்டு பழசு சார். என்ன கனம் பாருங்க என்று கொஞ்சிய அதே ரெக்கார்டு! அப்புறம், உங்க ஸ்பீக்கரைப் பாருங்க. அப்புறம், ஓனர் ஊர்ல இல்ல. ஓனரே அவர்தான். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. இப்படியே மூன்று வாரம்.

நேற்று நங்கநல்லூரிலிருந்து அப்பாவின் சிநேகிதர் வந்தார், நாற்பது வருஷமாகத் தட்டு கேட்கிறவர். பூதக்கண்ணாடியை வைத்து கார்ட்ரிஜின் பின்னால் இருக்கும் ஒயரைப் பார்த்தார். இடது சேனலுக்கு வெள்ளையும் நீலமும், வலதுக்குச் சிவப்பும் பச்சையும். சிவப்பும் பச்சையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இருந்தது. ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். மோனோ தட்டில் கீழ்ச் சத்தமெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தொப்பி போன இடம் அதுதான். அடுத்து, நகைக்கடைத் தராசு மாதிரிக் குட்டித் தராசில் முள்ளை இறக்கினார். முள் தட்டை அழுத்தும் பாரம் 3.4 கிராம். இருக்க வேண்டியது 2, அதிகபட்சம் 2.2. மூன்று வாரமாக அந்தப் பாரத்தோடுதான் அப்பாவின் தட்டுகளை உழுதிருக்கிறேன்.

கடைசியில் முள்ளைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "ஏம்பா, மைக்ரோலைன்னா செவப்பு. இது பச்சை. எலிப்டிகல். இதுக்கா அவ்வளவு குடுத்தே?" பச்சையாக இருப்பதை நானும் முதல் நாளே பார்த்தேன், ஏதோ டிசைன் என்று நினைத்துக்கொண்டேன். எலிப்டிகல் என்றால் நுனி நீள்வட்டமாக இருக்கும் வகை. பச்சை முள் மட்டம் இல்லை, எத்தனையோ பேர் அதில் திருப்தியாகக் கேட்கிறார்கள். ஆனால் நான் கொடுத்த 17,500 ரூபாயில் பாதிகூட அதற்கு ஆகாது.

காலையில் போய் நின்றால், "நீங்க வீட்ல மாத்திட்டு வந்திருந்தா எனக்கு எப்படி சார் தெரியும்?" என்கிறார், முகத்தைப் பார்த்தே. டப்பா? குப்பையில் போயிருக்குமாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன், கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான்.

வாங்கப் போகிறவர்கள் முள்ளின் நிறம் பாருங்கள். டப்பாவை விடாதீர்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். குட்டித் தராசு சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே மாட்டச் சொல்லுங்கள், டீ குடித்துவிட்டு வாங்க என்றால் போகாதீர்கள். அளவுத்தாள் வைத்து முள்ளை நேராக்குவது பற்றியும் எழுத நினைத்தேன், இப்போது அதற்கெல்லாம் மனசு இல்லை.