நாகர்கோவிலில் ஓர் ஆங்கில மரபுத்தொடர் வகுப்பு: மதிப்புரை

வடசேரிப் பகுதியில் வார இறுதிகளில் நடக்கும் ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில், மரபுத்தொடர்களைக் கற்பிக்கும் பகுதியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். இலக்கணமும் உச்சரிப்பும் மற்ற நிலையங்களில் உள்ளபடியே இருக்கின்றன, கட்டணமும் அவ்வாறே. வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதவிருக்கும் செவிலியர்களே இங்கு அதிகம் வருகிறார்கள்.

தேறாத காரியங்களைக் குறிக்கும் தொடர்களை ஆசிரியை நடத்திய முறை மிகச் சிறப்பானது. எல்லாவற்றுக்கும் ‘தோற்கும்’ என்று ஒரே பொருள் எழுதிப்போடாமல், காரியம் எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்பதைக் கொண்டு அவர் அவற்றைப் பிரித்தார். ‘நான் ஸ்டார்ட்டர்’ என்பது பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தும் ஓடாத குதிரையிலிருந்து வந்தது. ஆகவே, எடுத்துப் பேசவே தகுதியில்லாத யோசனைக்கு அது பொருந்தும். ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’, அதாவது விளையாட்டுச் சீட்டுகளை அடுக்கிக் கட்டிய வீடு, இன்று நிற்கும், ஒரு சீட்டு நழுவினால் முழுவதும் சரியும். ‘டெட் இன் த வாட்டர்’ என்றதும் செத்த மீனை நினைத்தவர்களிடம், “மீனில்ல மக்களே, காத்தும் இல்லாம எஞ்சினும் ஓடாம நடுக்கடல்ல நிக்கிற கப்பலாக்கும்” என்றார். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

விவிலியத்திலிருந்து வந்த தொடர்களை அவர் கதையோடு சொன்னதும் இந்த மாவட்டத்துக்கு மிகவும் ஏற்றது. ‘ரைட்டிங் ஆன் த வால்’ தானியேல் 5ஆம் அதிகாரத்தில் உள்ளது: பெல்ஷாத்சாரின் விருந்தின்போது ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது, அன்று இரவே அவன் கொல்லப்படுகிறான். அதே நூலின் 2ஆம் அதிகாரத்துச் சிலைக்குப் பாதங்கள் பாதி இரும்பும் பாதி களிமண்ணுமாக இருந்தன. அதிலிருந்து வந்ததே ‘ஃபீட் ஆஃப் க்ளே’. முன்னது அழிவு நெருங்குவதன் வெளிப்படையான அறிகுறி, பின்னது பெரியவராக மதிக்கப்படுபவரிடம் மறைந்திருக்கும் பலவீனம். ஞாயிறு பள்ளியில் இக்கதைகளைக் கேட்டிராத மாணவர்களும் புரிந்துகொள்ளும்படி அவர் இரண்டையும் முழுமையாகவே சொன்னார்.

ஆனால் வகுப்பில் கொடுக்கப்படும் அச்சுத்தாள் இந்தத் தரத்தில் இல்லை. ‘ஃப்லாகிங் எ டெட் ஹார்ஸ்’ (செத்த குதிரையைச் சாட்டையால் அடிப்பது) என்பதற்கு நேராக ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குதல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டிலும் குதிரை இருப்பதைத் தவிர வேறு பொருத்தமே இல்லை. முடிந்துபோன காரியத்துக்காக மேலும் உழைப்பதைச் சொல்லும் அத்தொடருக்கு ‘விழலுக்கு இறைத்த நீர்’ ஓரளவு நெருங்கும். மண்குதிரையோ உறுதியற்ற துணையை நம்புவது, மணல்மேல் கட்டிய வீட்டோடு சேர வேண்டியது. ‘வொயிட் எலிபன்ட்’ தேறாத காரியங்களுக்கான இந்தத் தாளின் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கக் கூடாது. பராமரிப்புச் செலவுக்கேற்ற பயன் தராத உடைமை அது. பல்லாண்டுகள் அப்படியே நீடிக்கவும் செய்யும். தாளை மட்டும் மனப்பாடம் செய்து தேர்வுக்குப் போகிறவர் பிழையாகவே பேசுவார்.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் 7ஆம் நிலைக்கான சொல்வள அளவுகோல் மரபுத்தொடர்ப் பயன்பாட்டைக் குறிப்பிடுகிறது. கட்டுரைத் தேர்விலோ இத்தகைய பேச்சுவழக்குத் தொடர்கள் நடையைக் கெடுக்கும். நோயாளியின் உறவினரிடம் பேசும் செவிலியருக்கு இவற்றில் ஒன்றுகூட வேண்டாம்.

ஆங்கிலத்தில் தடையின்றி வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர்கள் இந்த வகுப்பில் தாராளமாகச் சேரலாம். சேருகிறவர்கள் அச்சுத்தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆசிரியை வாய்மொழியாகச் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.