முறிவுமானியும் ஒரு துளித் திரவமும்: ஏழு ஆண்டு அனுபவம்

கல்லை வைத்து அளக்கும் கண்ணாடியைத் தேய்த்து மெருகிடுவதற்காகக் கொழும்புக்கு அனுப்பியிருந்த என் முறிவுமானி (ஒரு கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை, அதாவது முறிவெண்ணை, அளக்கும் கருவி) சென்ற மாதம் திரும்பி வந்தது. அதே கிழமை மட்டக்களப்பு நண்பர் ஒருவர், அந்த வகைக் கருவியின் விலை இப்போது இறங்கியிருப்பதாகவும் தாம் ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டு எழுதியிருந்தார். மாணிக்கக்கற்களைப் பொழுதுபோக்காகச் சேர்ப்பவர்களுக்குக் கருவியின் அடிப்படை தெரிந்திருக்கும். ஆகவே, திருகோணமலை உப்புவெளியில் கடலிரைச்சல் கேட்கும் ஒரு வீட்டில் அதை ஏழு ஆண்டுகள் வைத்திருந்தால் என்ன நேரும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். பத்து மடங்கு லென்ஸால் ஒரு கல்லைப் பார்த்து ‘நீலக்கல்லாக இருக்கலாம்’ என்று ஊகித்துக் காலம் கழித்தவனுக்கு, அளவுகோலில் ஒரு நிழல் விளிம்பு 1.770 இல் அசையாமல் நிற்க, மற்றது கல்லைத் திருப்பத் திருப்ப 1.762 வரை இறங்கி மீண்டும் ஏறுவதைக் காண்பது இன்றும் அலுக்காத காட்சி. சனி தோஷத்துக்கென்று என் பெரியம்மா முப்பது ஆண்டுகளாக அணிந்திருந்த ‘நீலக்கல்’ மோதிரத்தை ஒருநாள் விளையாட்டாக அதன்மீது கவிழ்த்தேன். தெரிந்தது ஒற்றை விளிம்பு. அதுவும் எப்படித் திருப்பினாலும் நகராமல் 1.728 இல் நின்றது. நீலக்கல்லென்றால் இரண்டு விளிம்புகள் தெரிய வேண்டும். ஸ்பினல் என்ற வேறொரு கல், அதுவும் இயற்கையானது என்றால் 1.718 அளவில் நிற்க வேண்டும். இந்த நூறில் ஒரு பங்கு வித்தியாசம், கல் சுவாலையில் உருக்கி வளர்க்கப்பட்ட செயற்கை ஸ்பினல் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பெரியம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஏழரைச் சனியை அந்த மோதிரத்தால்தான் கடந்ததாக அவர் நம்புகிறார், கடந்ததும் உண்மைதான்.

இனி அந்தத் திரவத்துக்கு வருகிறேன். கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று இல்லாமல் செய்வதற்கு ஒரு துளி தொடுதிரவம் இட வேண்டும் என்பதும், அது டைஅயடோமீதேன் என்ற கனமான திரவத்தில் கந்தகம் முதலியவற்றைக் கரைத்துச் செய்தது என்பதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில், துளியை இட்டு, கல்லை வைத்து, கண்ணை அருகே கொண்டுசெல்வதற்குள் துளியின் ஓரம் உலர்ந்து மஞ்சள் பொடியாகப் படியத் தொடங்குவதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. துளி பெரிதானால் கல் மிதந்து சாய்கிறது. சிறிதானால் ஒன்றும் தெரிவதில்லை. குண்டூசித் தலையளவு சரியாக இட்டால், அன்று பார்த்து மின்விசிறி அதை உலர்த்திவிடுகிறது. விசிறியை நிறுத்தினால் நெற்றி வியர்வை கண்ணாடியில் சொட்டுகிறது. திரவத்தின் நாற்றத்தைப் பற்றி என் மனைவி சொல்வதை இங்கே எழுதுவது முறையன்று. நச்சுத்தன்மையும் உள்ளதால், அளக்கும்போது சன்னலையும் திறந்துதான் வைக்க வேண்டும், திறந்தால் காற்று.

2022 இல் நாடு டொலர் இல்லாமல் தவித்தபோது என் போத்தலும் அடித்தட்டுக்கு வந்திருந்தது. புதியதை வரவழைக்க வழியில்லாமல், கறுத்துத் தடித்த மிச்சத்தைக் கொண்டே மாதக்கணக்கில் ஒப்பேற்றினேன். ஓர் இரவு மின்வெட்டில், டோர்ச் வெளிச்சத்தில், உலர்ந்திருந்த பொடியை நனைக்காமலே துணியால் துடைத்தேன். ஈயம் கலந்த அந்த மென்மையான கண்ணாடியில் கீறல் விழுந்தது அப்போதுதான். எனவே பாதிக் குற்றம் என்னுடையது. மீதிப் பாதியைத் திருத்தியவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்: மெருகு அழகாக இருக்கிறது, ஆனால் 1.544 காட்ட வேண்டிய குவார்ட்ஸ் 1.548 காட்டுகிறது, 1.718 காட்ட வேண்டிய ஸ்பினல் 1.722 காட்டுகிறது. கேட்டதற்கு, ‘அது அவ்வளவுதான் வரும்’ என்று பதில் வந்தது. இப்போது ஒவ்வோர் அளவிலும் மனக்கணக்காக 0.004 ஐக் கழிக்கிறேன்.

கருவிக்கு எட்டாதவற்றையும் குறிப்பிட வேண்டும். சுவாலையில் வளர்த்த நீலக்கல்லும் இரத்தினபுரிக் குழியில் எடுத்த நீலக்கல்லும் அதற்கு ஒன்றே. கெவுடா எனப்படும் வெளிறிய கல்லைச் சூடாக்கி நீலமாக்கியிருந்தால், அதையும் அது பிரித்துக் காட்டாது. மெருகிட்ட முகம் இல்லாத கூழாங்கல்லை அது தொடாது. 1.81 க்கு மேல் அதற்குப் பார்வையும் இல்லை. புல்மோட்டை மணலில் சிர்க்கோன் குவிந்து கிடக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, பட்டை தீட்டிய சிர்க்கோன் ஒன்றை அதில் வைத்தால், திரவத்தின் விளிம்பு மட்டுமே தெரிகிறது. அங்கும் அந்தத் திரவம்தான்.

பெரியம்மாவின் மோதிரம் ஒன்றுக்காகவே இந்தக் கருவி கொடுத்த காசுக்குத் தகும் என்றுதான் மேலே எழுதியதைப் படித்தால் தோன்றும். ஆயினும் நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்றே பதில் அனுப்பினேன். அவரிடம் உள்ள கற்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டுவரட்டும். துளி என்னுடையது, கண்ணாடியைத் துடைப்பது அவருடைய பொறுப்பு, நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.